காய்கறிக் கடைக்குப் பக்கத்தில் கதைப் புத்தகம்!

கத்தரிக்காய் வாங்கச் சந்தைக்குப் போனார் ஒருவர். திரும்பி வரும்போது பையில் கத்தரிக்காய் இருந்தது. வெற்றிலை இருந்தது. கூடவே ஒரு நல்லதங்காள் கதையும் இருந்தது!

அந்தக் காலத்தில் இது அதிசயம் அல்ல. தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் வளையல் கடை இருக்கும். பொரிகடலைக் கடை இருக்கும். நடுவே ஒருவர் தரையில் சாக்கு விரித்து, புத்தகங்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருப்பார். மக்கள் பேரம் பேசி வாங்குவார்கள்.

இன்று கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சந்தைகளில் பிளாஸ்டிக் குடம் கிடைக்கிறது. செல்போன் உறை கிடைக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை படிக்கப் படம் போட்ட புத்தகம் வேண்டும் என்றால் எங்கே போவது?

கல்வராயன் மலையில் இருந்து பஸ் ஏறி இறங்கி வருகிறாள் ஒரு தாய். பிள்ளைக்கு முறுக்கு வாங்கலாம். பலூன் வாங்கலாம். புத்தகம் வாங்க நினைத்தால் வாங்க முடியாது. காசு இல்லாததால் மட்டும் அல்ல. கடையே இல்லை.

இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிடக் கூடாது.

பெரிய எழுத்து

சந்தையில் விற்ற அந்தப் புத்தகங்களுக்குப் "பெரிய எழுத்துப் புத்தகம்" என்று பெயர். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, பெரிய எழுத்து தேசிங்கு ராஜன் கதை என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சென்னையில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ், ஆர். ஜி. பதி கம்பெனி முதலிய பதிப்பகத்தார் இவற்றை வெளியிட்டார்கள்.

கதையின் பெருமையைச் சொல்வதற்கு முன்பு, "எழுத்து பெரியது" என்று சொல்லி விற்றார்கள். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

வாங்குகிறவர் யார்? பண்டிதர் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அல்லது, சாளேசுரம் வந்த கிழவர். இரவில் சிமினி விளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டும். பொடி எழுத்தாக இருந்தால் அவர் தொடவே மாட்டார். அதைத் தெரிந்துகொண்டுதான் எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.

படமும் உண்டு. முதலில் மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் பதித்த படங்கள். பிற்காலத்தில் உலோக பிளாக்குகள் வந்தன. ராஜா என்றால் பெரிய மீசை இருக்கும். ராணி என்றால் இடுப்பில் ஒட்டியாணம் இருக்கும். செலவைக் குறைக்க ஒரே கட்டையைப் பல கதைகளுக்குப் போடுவார்கள். ஒரு புத்தகத்தில் ஒரு ராணி உட்கார்ந்த சிம்மாசனத்தில், அடுத்த புத்தகத்தில் வேறொரு ராணி உட்கார்ந்திருப்பாள். அதே முகம். அதே ஒட்டியாணம். வாங்கியவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பல புத்தகங்களில், "புகழேந்திப் புலவர் இயற்றியது" என்று போட்டிருக்கும். நளவெண்பா பாடிய புகழேந்திக்கும் இந்தக் கதைப் பாட்டுகளுக்கும் சம்பந்தம் இல்லை என்பது அறிஞர்கள் கருத்து. சரக்கு விற்க ஒரு பெரிய பெயர் வேண்டியிருந்தது!

காது கேட்டதைக் கண் படித்தது

கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், செஞ்சி வட்டாரம் முழுவதும் தெருக்கூத்துப் பூமி. திரௌபதி அம்மன் கோவில் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. உளுந்தூர்ப்பேட்டை அருகே உள்ள கூவாகத்தில், சித்திரையில் அரவான் கதையே திருவிழாவாக நடக்கிறது. தேசிங்கு ராஜன் ஆண்ட செஞ்சிக் கோட்டையும் தொலைவில் இல்லை.

இந்த ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அல்லியைத் தெரியும். பவளக்கொடியைத் தெரியும். அபிமன்யு எப்படிச் செத்தான் என்று தெரியும்.

அப்படிப்பட்டவர் நாலு எழுத்துக் கற்றுக்கொண்டு புத்தகத்தைத் திறக்கிறார். "அ... ல்... லி..." என்று கூட்டும்போதே, "அடடே, அல்லி!" என்று மனசு முந்திக்கொள்கிறது. அடுத்த வரியில் என்ன வரும் என்று காதுக்குத் தெரியும். கண் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும். தெரிந்த கதையாக இருந்ததால் படிப்பு சுலபமாயிற்று.

ஒருவர் படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற கட்டம் வந்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். மூளி அலங்காரியைத் திட்டித் தீர்ப்பார்கள். ஆகவே விற்றது ஒரு பிரதி என்றால், படித்தது ஒரு தெரு!

தரங்கம்பாடியில் சின்ன எழுத்து

எழுத்தின் அளவுக்கு ஒரு பழைய கதை உண்டு.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் வைத்தார். 1712-ம் ஆண்டில் அச்சு யந்திரம் கப்பலில் வந்து சேர்ந்தது. பிறகு தமிழ் எழுத்துகளும் வந்தன. ஆனால் அந்த எழுத்துகள் பெரியவை. தாளோ சீமையில் இருந்து வர வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தாள் கரைந்தது. என்ன செய்வது? தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் உள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள்.

தாளை மிச்சம் பிடிக்கப் பாதிரியார் எழுத்தைச் சுருக்கினார். நியாயம்தான்.

பிறகு 1835-ம் ஆண்டில் அச்சுக்கூடச் சட்டம் தளர்ந்தது. நம்மவர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைக்க முடிந்தது. சென்னையில் அச்சகங்கள் பெருகின. குஜிலிக் கடைவீதியில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் குவிந்தன. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரெயில் பாட்டு என்று அன்றாடம் நடந்ததை எல்லாம் பாட்டாக்கி விற்றார்கள். அந்தக் கடைவீதி வியாபாரத்தில் இருந்து வளர்ந்தவர்கள் எழுத்தை மறுபடியும் பெரிதாக்கினார்கள். தாள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் படிக்கத் தெரிந்தவன் எண்ணிக்கை கூடினால் நாளை வியாபாரமும் கூடும் அல்லவா?

இங்கிலாந்தில் ஒரு பொறிவண்டு

இதே வித்தையை இங்கிலாந்தில் வேறு விதமாகச் செய்து காட்டியது ஒரு கம்பெனி.

லஃப்பரோ என்பது ஒரு சின்ன ஊர். அங்கே 1867-ம் ஆண்டில் ஹென்றி வில்ஸ் என்பவர் புத்தகக் கடை வைத்தார். பிறகு அச்சுத் தொழிலிலும் இறங்கினார். 1904-ம் ஆண்டில் வில்லியம் ஹெப்வொர்த் வந்து சேர்ந்தார். கம்பெனிக்கு "வில்ஸ் அண்ட் ஹெப்வொர்த்" என்று பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் பிள்ளைகள் புத்தகம் போடத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த முத்திரைப் பெயர் "லேடிபேர்ட்". அப்படி என்றால் பொறிவண்டு. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டுதான் அடையாளம்.

1940-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்தது. தாளுக்குப் பஞ்சம். அப்போது ஒரு யோசனை பிறந்தது. 40 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள ஒரு பெரிய தாள். அந்த ஒரே தாளில் புத்தகம் முழுவதையும் அச்சிட்டார்கள். மடித்தார்கள். வெட்டினார்கள். 56 பக்கப் புத்தகம் தயார்! ஒரு துண்டுத் தாள்கூட வீண் இல்லை.

புத்தகம் உள்ளங்கைக்கு அடக்கம். சுமார் 7 அங்குல உயரம், நாலரை அங்குல அகலம். கெட்டி அட்டை. ஒரு பக்கம் எழுத்து. எதிர்ப் பக்கம் முழுக்க வண்ணப் படம்.

விலை அரை கிரவுன். அதாவது, இரண்டு ஷில்லிங் ஆறு பென்னி. ஒரு பவுனில் எட்டில் ஒரு பங்கு. ஏறக்குறைய 30 ஆண்டுகள் இந்த விலையை ஏற்றாமல் நிறுத்தினார்கள்! இடையில் போர் முடிந்தது. அரிசி பருப்பு விலை எங்கேயோ போயிற்று. பொறிவண்டுப் புத்தகத்தின் விலை மட்டும் அசையவில்லை. பையனின் கைச்செலவுக் காசைச் சேர்த்து வைத்தால் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை நாடு முழுவதும் இருந்தது.

மாமியார் வரைந்த பறவை

அந்தக் கம்பெனியில் டக்ளஸ் கீன் என்று ஒரு விற்பனையாளர் இருந்தார். ஊர் ஊராகச் சென்று கடைகளில் ஆர்டர் பிடிப்பவர். கதைப் புத்தகம் மட்டும் போதாது, பிள்ளைகளுக்கு உலக விஷயங்களைச் சொல்லும் புத்தகமும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கடைகளையும் பள்ளிக்கூடங்களையும் சுற்றியவருக்கு எது இல்லை என்று தெரியாதா?

முதலாளிகளிடம் வாயால் சொன்னால் நம்புவார்களா? வீட்டில் உட்கார்ந்து கையாலேயே ஒரு மாதிரிப் புத்தகம் தயாரித்தார். பறவைகளைப் பற்றிய புத்தகம். எழுதியது மருமகன். வண்ணப் படம் போட்டது மாமியார். கோட்டுப் படம் போட்டது மனைவி. குடும்பமே சேர்ந்து செய்த புத்தகம்!

அதன் பலனாக 1953-ம் ஆண்டில் இங்கிலாந்துப் பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் பற்றிய பொறிவண்டுப் புத்தகம் வெளிவந்தது. நன்றாக விற்றது. பிறகு வரிசையாக வந்தன: சரித்திரம், செடி கொடி, மோட்டார் கார் எப்படி ஓடுகிறது, கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலிவுப் புத்தகம்தானே என்று மட்டமான படம் போடவில்லை. சார்லஸ் டனிக்ளிஃப் பறவைப் படங்களுக்குப் பெயர் போன ஓவியர். அவரைக் கொண்டு நாலு பருவங்களுக்கும் நாலு புத்தகம் போட்டார்கள். பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டிய படம், கூலிக்காரர் பிள்ளையின் கைக்கு வந்தது.

1964-ம் ஆண்டில் வந்தது பீட்டர் - ஜேன் வரிசை. மொத்தம் 36 புத்தகம். வில்லியம் முர்ரே, ஜோ மெக்நாலி என்ற இருவர் ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். அச்சில் வருகிற சொற்களில் கால் பங்கு, திரும்பத் திரும்ப வருகிற 12 சொற்கள்தான் என்று கண்டார்கள். 100 சொல் தெரிந்தால் பாதி வந்துவிடும். 300 தெரிந்தால் முக்கால் பங்கு! அந்தச் சொற்களையே முதலில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புதுச் சொல் சேர்த்தார்கள். நம் நாட்டிலும் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் படித்த பலருக்குப் பீட்டரும் ஜேனும் பழக்கம்.

தமிழில் இந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. தமிழில் "வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தபோது" என்று ஒரே சொல் பல வேஷம் போடும். நமக்கு வேறு கணக்கு வேண்டும். ஆனால், எந்தச் சொல் பிள்ளைக்கு முதலில் தேவை என்று எண்ணிப் பார்க்கிற பொறுமை நமக்கும் வேண்டும்.

அந்தக் கம்பெனியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1972-ம் ஆண்டில் பியர்சன் என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. காலம் மாறியது. விற்பனை குறைந்தது. 1998-ம் ஆண்டில் பெங்குவின் பதிப்பகத்தோடு சேர்த்துவிட்டார்கள். லஃப்பரோ அச்சகத்தையும் மூடினார்கள். பொறிவண்டு முத்திரையில் புத்தகங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவை பிறந்த ஊரில் அச்சு யந்திரம் ஓடுவது நின்றது.

நம் ஊரில் என்ன ஆயிற்று?

நாமும் சும்மா இருக்கவில்லை. 1947-ம் ஆண்டில் சென்னையில் இருந்து அம்புலிமாமா வந்தது. விக்கிரமன் தோளில் வேதாளம் தொங்கும் அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். 2020-ம் ஆண்டில் தொண்ணூறு வயதைத் தாண்டி மறைந்தார். அவர் கோட்டில் வந்த வேதாளத்தைக் கண்டு பயப்படாத பிள்ளை உண்டா?

1972-ம் ஆண்டில் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இங்கிலாந்தில் வெளியான படக்கதைகளைத் தமிழில் கொடுத்தது. இரும்புக்கை மாயாவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டான். பஸ் நிலையப் பெட்டிக் கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் மாயாவி தொங்கினான். வாங்க முடியாத பிள்ளைகள் வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள்.

டெல்லியில் 1957-ம் ஆண்டில் நேஷனல் புக் டிரஸ்ட் தொடங்கியது. கார்ட்டூனிஸ்ட் சங்கரின் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் அதே ஆண்டில் தொடங்கியதுதான். மலிவு விலையில் நல்ல படப் புத்தகங்கள் வந்தன. ஆனால் அவை கிடைத்தது பெரும்பாலும் பட்டணத்துக் கடையில். அல்லது கண்காட்சியில். சாக்கு விரித்து விற்பவர் கைக்கு அவை அதிகம் வரவில்லை.

சாக்குக் கடைக்காரரும் மெல்ல மெல்ல மறைந்தார். சினிமா வந்தது. டெலிவிஷன் வந்தது. பெரிய எழுத்துப் புத்தகம் பழைய புத்தகக் கடைக்குப் போய்விட்டது. இன்று அதைத் தேடி எடுத்தாலும் பிள்ளைகளுக்குத் திணறும். 1978-ம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன்பு அச்சான புத்தகத்தில் "லை", "னை" எல்லாம் யானைத் துதிக்கை போட்டு நிற்கும். தாத்தாவுக்குத் தெரியும். பேரனுக்குத் தெரியாது.

மலைமேல் முதல் தலைமுறை

இப்போது கல்வராயன் மலைக்கு ஏறிப் பார்க்கலாம்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் மலைப்பாதை. மேலே வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று ஊர்கள். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்கிறவர் என்பதால் வந்த பெயர் என்பார்கள். காஞ்சிபுரத்தில் இருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். பேசுவது தமிழ். விளைப்பது சாமை, தினை, மரவள்ளி.

நெடுங்காலம் இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். நாடு 1947-ம் ஆண்டில் விடுதலை அடைந்தது. மலையில் ஜாகிர் முறை ஒழிந்ததோ 1976-ம் ஆண்டில்தான்! இடையில் 29 ஆண்டுகள்! பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த அளவுக்குப் பின்தங்கித்தான் மலை ஏறின.

2019-ம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. மலையில் அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். அவர்களில் பலர், குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துப் படிப்பவர்கள்.

பள்ளிக்கூடத்தில் புத்தகம் இல்லாமல் இல்லை. 2023-ம் ஆண்டில் தமிழக அரசு "வாசிப்பு இயக்கம்" தொடங்கியது. சின்னச் சின்னப் படப் புத்தகங்கள் வந்தன. "நுழை, நட, ஓடு, பற" என்று நாலு படி. மிக நல்ல பெயர்கள்! பீட்டர் - ஜேன் வரிசையைப் போல, சுலபத்தில் இருந்து கடினத்துக்குப் போகும் முறை. இதைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்துச் சொத்து. விடுமுறை வந்தால் பிள்ளை வீட்டுக்குப் போகிறது. வீட்டில் என்ன இருக்கிறது? காலண்டர் இருக்கும். ரேஷன் அட்டை இருக்கும். தேர்தல் நோட்டீஸ் இருக்கும். சென்ற ஆண்டுப் பாடப் புத்தகம் இருக்கலாம். ஆசையாக எடுத்துப் படிக்க, "இது என்னுடையது" என்று பெயர் எழுதி வைத்துக்கொள்ள ஒரு புத்தகம் இருக்காது.

பட்டணத்துப் பிள்ளை எழுத்தை மறக்காது. தெருவில் இறங்கினால் போர்டு. பஸ்ஸில் போர்டு. மலைக் கிராமத்தில் கண்ணில் படுகிற எழுத்து குறைவு. கோடை விடுமுறை முடிந்து போகும்போது, பாதி எழுத்து காட்டிலேயே தங்கிவிடும்.

செல்போன் போதாதா?

"இந்தக் காலத்தில் புத்தகம் எதற்கு? செல்போனில் கதை இலவசமாகக் கிடைக்கிறதே!" என்று கேட்பவர்கள் உண்டு.

கிடைக்கிறது. மறுப்பதற்கு இல்லை. ஆனால் செல்போன் யார் கையில் இருக்கும்? அப்பா கையில். அவர் கூலி வேலைக்கு வெளியூர் போனால் போனும் போய்விடும். மலை இடுக்கில் சிக்னல் விளையாட்டுக் காட்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், கதை படிக்கத் திறந்த போனில் கடைசிவரை கதையையே படித்த பிள்ளை எத்தனை?

புத்தகத்தில் வேறு படம் குறுக்கே வந்து இழுக்காது. கீழே விழுந்தால் உடையாது. பாட்டி மடியில் வைத்துப் பேத்தி படித்துக் காட்டலாம்.

"பழைய கதைகளை மறுபடி அச்சிடச் சொல்கிறீர்களா? அவற்றில் மூடநம்பிக்கை இல்லையா? பெண்ணை மட்டம் தட்டுவது இல்லையா?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய எழுத்துக் கதைகளில் ஏமாற்றும் உண்டு. கொலையும் உண்டு. அல்லியை அருச்சுனன் வசப்படுத்தும் விதத்தை இன்று பெண் பிள்ளைக்கு நல்ல கதை என்று கொடுக்க முடியாது. பொறிவண்டுப் புத்தகத்திலும் குறை இருந்தது. ஜேன் அம்மாவோடு அடுப்படியில் நிற்பாள். பீட்டர் அப்பாவோடு கார் கழுவுவான். பேச்சு எழுந்த பிறகு படங்களை மாற்றி வரைந்தார்கள்.

கதையைப் புதிதாக எழுதட்டும். எழுத்தின் அளவு, படம், விலை, விற்கிற இடம் ஆகிய நாலையும் பழையவர்களிடம் கற்றுக்கொள்ளட்டும்.

மலைப் பிள்ளைக்கு மலைக் கதை வேண்டும். சாமைக் கதிரை மேயும் கிளி, கடுக்காய் பொறுக்கும் அக்காள், கோமுகி ஆற்றில் வெள்ளம் வந்த நாள் என்று தெரிந்த விஷயமாக இருக்கட்டும். அல்லியின் பெயரைப் பார்த்ததும் கூத்து ரசிகர் மனசு முந்திக்கொண்டதே, அதுபோல இந்தப் பிள்ளை மனசும் முந்திக்கொள்ளும்.

ஒரு தாள் கணக்கு

செலவு எவ்வளவு ஆகும் என்று பயப்பட வேண்டியது இல்லை. நம் அச்சகங்களில் டபிள் கிரவுன் தாள் என்று ஒன்று உண்டு. 20 அங்குலத்துக்கு 30 அங்குலம். ஏழரை அங்குல உயரம், ஐந்து அங்குல அகலம் என்று பக்கம் வைத்தால் ஒரு புறம் 16 பக்கம். இரண்டு புறமும் சேர்த்து 32 பக்கம். ஒரே தாளில் ஒரு புத்தகம்! சிவகாசி அச்சகத்தாருக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் தெரியும்.

படம் போடவும் வெளியூர் போக வேண்டியது இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வழிவழியாக மரத்தில் உளி பிடித்த கைகள் இங்கே இருக்கின்றன. பெரிய எழுத்துப் புத்தகத்தில் ராஜாவும் ராணியும் பிறந்தது மரக்கட்டையில்தானே! அந்த மாதிரிப் படம் போட்டு ஒரு புத்தகம் வந்தால், ஊருக்கும் பெருமை, பிள்ளைக்கும் புதுமை.

எங்கே விற்பது? இதில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். 2022-ம் ஆண்டு முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த அரசாங்கம் ஏற்பாடு செய்தது. கள்ளக்குறிச்சியிலும் நடந்தது. நல்ல காரியம். ஆனால் சேராப்பட்டில் இருந்து தாயும் பிள்ளையும் கள்ளக்குறிச்சிக்கு வந்து போக வேண்டும். அன்றையக் கூலி போகும். பஸ் செலவு தனி. அதன் பிறகு வாங்குகிற 50 ரூபாய்ப் புத்தகம் உண்மையில் 50 ரூபாய்ப் புத்தகமா?

அவர்கள் எப்படியும் சந்தைக்கு வருகிறார்கள். உப்பு, மிளகாய், துணி வாங்க வருகிறார்கள். ஆடி மாதம் கோவிலுக்குக் கூடுகிறார்கள். கரியாலூரில் கோடை விழா நடந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்கிறது. ரேஷன் கடைக்கு மாதந்தோறும் போகிறார்கள். புத்தகம் அங்கே போய் நிற்க வேண்டும். ஒரு டீ, ஒரு வடை விலைக்குள் இருக்க வேண்டும். அந்த விலையில் நஷ்டம் வந்தால், அதை நூலக வரியில் இருந்தோ கல்வித் துறையில் இருந்தோ ஈடு செய்யட்டும். 1948-ம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து இந்தியாவுக்கு வழிகாட்டிய ராஜ்யம் இது. இதற்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியுமா?

இலவசமாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் நினைக்கலாம். கொடுக்கலாம். ஆனாலும் பிள்ளை தானே கடையில் குனிந்து, நாலு அட்டையைப் புரட்டி, "எனக்கு இந்தக் கிளிப் புத்தகம்தான் வேண்டும்" என்று அடம் பிடிக்கிறதே, அந்த ருசி இலவசத்தில் வராது. அம்மா, "அடுத்த வாரம் வாங்கலாம்" என்பாள். பிள்ளை அழும். கடைக்காரர், "எடுத்துக்கொள் பாப்பா" என்று நீட்டுவார். பிறகு தாயும் கடைக்காரரும் இரண்டு ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் பேரம் பேசுவார்கள்.

பேசட்டும்.